இரண்டு மாத வாடகையும் ஒரு பூட்டும்



திருவள்ளூரிலோ கும்மிடிப்பூண்டியிலோ இரயிலை விட்டு இறங்கித் தெருவில் கால் வைப்பவர் கண்ணில் முதலில் படுவது, ‘வீடு வாடகைக்கு விடப்படும்’ என்னும் அட்டையே ஆகும். காக்களூர்த் தொழிற்பேட்டைக்கும், கும்மிடிப்பூண்டிச் சிப்காட்டுக்கும், தேர்வாய் கண்டிகைக்கும் வேலை தேடி வருவோர் நாள்தோறும் வந்துகொண்டே இருக்கின்றனர். அவர்களுக்கு இடம் தரும் பொருட்டு, இவ்வூர்களின் பூர்வீகக் குடிகள் தங்கள் கொல்லைப்புறத்தில் நான்கு அறைகளை வரிசையாகக் கட்டி, ‘லைன் வீடு’ என்று வாடகைக்கு விடுகின்றனர். வாடகைக்கு விடுபவரும் வாடகைக்கு இருப்பவரும் பெரும்பாலும் ஏழைகளே. ஒருவர் சற்று முன்னே வந்த ஏழை, மற்றவர் சற்றுப் பின்னே வந்த ஏழை, வேறுபாடு அவ்வளவுதான். ஆகையால், மாத வாடகை நின்றுபோகும்போது எழும் பூசல் இரண்டு ஏழைக் குடும்பங்களுக்கு இடையே எழும் பூசலாகவே பல வேளைகளில் அமைந்துவிடுகிறது. அத்தகைய ஒன்றை நாம் நேரில் கண்டோம். அதைப் பற்றியே இம்மாதம் உங்களோடு உரையாட விரும்புகிறோம்.

தவக்காலத்தின் மூன்றாம் வெள்ளிக்கிழமை. சிலுவைப்பாதை முடிந்து மக்கள் கலைந்த பின்னர், ஓர் இளம் தாயும் அவருடைய மகளும் பீடத்தருகிலேயே நின்றுகொண்டிருந்தனர். அந்தப் பெண் பத்தாம் வகுப்பு மாணவி; அரசுத் தேர்வுக்கு இன்னும் சில நாட்களே இருந்தன. தாய் ரேஷன் கடைக்குச் சென்று திரும்புவதற்குள் வீட்டுக் கதவில் இரண்டாவது பூட்டு ஒன்று தொங்கியதாம். இரண்டு நாட்களுக்கு முன்னரே பியூஸ் கட்டையைப் பிடுங்கி மின்சாரத்தையும் நிறுத்தியாயிற்றாம். “சாமி, பிள்ளையோட புத்தகமெல்லாம் உள்ளே இருக்குது” என்பதற்கு மேல் அத்தாயால் பேச இயலவில்லை.

கணவர் இரும்பு உருக்காலை ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளி. உலை நிறுத்தப்பட்டதால் ஒப்பந்தக்காரர் ஆட்களைக் குறைத்துவிட்டார். மாதம் 4,000 ரூபாய் வாடகை. டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி ஆகிய மூன்று மாதங்களின் வாடகை 12,000 ரூபாய் நின்றுபோயிற்று. குடியேறும்போது கொடுத்த முன்பணம் 10,000 ரூபாய் வீட்டுக்கார அம்மாளிடம் இருந்தது.

பூட்டைப் போட்டவர் கொடியவர் என்று எண்ணிவிடாதீர்கள். அவரும் நம் பங்கைச் சேர்ந்தவரே, கணவரை இழந்தவர். மறைந்த கணவரின் வருங்கால வைப்பு நிதியைக் கொண்டும், அது போதாமல் வாங்கிய வங்கிக் கடனைக் கொண்டும் அந்த நான்கு அறைகளைக் கட்டினார். கடனுக்கு மாதந்தோறும் தவணை கட்ட வேண்டும். அந்நான்கு வாடகைகளைத் தவிர அவருக்கு வேறு வருவாய் கிடையாது.

இங்கே நம் குற்றத்தையும் ஒப்புக்கொள்வது கடமை. ஜனவரி மாதத்திலேயே அந்த அம்மாள் நம்மிடம் வந்து, “சாமி, வாடகை நின்றுபோச்சு, என்ன செய்யட்டும்?” என்று கேட்டார். “பொறுத்துக்கொள்ளுங்கள் அம்மா, பாவம், வேலை போனவர்” என்று சொல்லி அனுப்பிவிட்டோம். நம் கையிலிருந்து ஒரு காசும் செலவில்லாமல், பிறர் பொருளைக் கொண்டு நாம் இரக்கம் காட்டினோம். அந்தப் பொறுமைக்கு எத்தனை நாள் எல்லை, அதற்கிடையே அவருடைய வங்கித் தவணைக்கு வழி என்ன, வாடகைதாரர் எப்போது எவ்வளவு தருவார் என்று ஒரு கேள்வியையும் கேட்டோமில்லை. இரண்டு மாதம் வாய்மூடிப் பொறுத்தவர், மூன்றாம் மாதம் பூட்டைக் கையில் எடுத்துவிட்டார். அந்தப் பூட்டில் நம் பங்கும் இருக்கின்றது.

அன்றிரவே இரு குடும்பத்தாரையும் பங்கு இல்லத்திற்கு அழைத்தோம். நம் பங்கைச் சேர்ந்த வழக்கறிஞர் ஒருவரும் வந்தார். முதலில் நாம் அந்த அம்மாளை வேண்டிக்கொண்டது ஒன்றே: “கணக்கைப் பிறகு பார்ப்போம்; சாவியை இப்போது கொடுங்கள்.” உபாகமம் என்று முன்னர் நாம் அழைத்த இணைச்சட்ட நூலின் 24-ஆம் அதிகாரத்தில், கடன் கொடுத்தவனுக்கு ஆண்டவர் விதித்த வரம்பு ஒன்று உண்டு. அடகுப் பொருளை எடுக்கக் கடன்பட்டவனின் வீட்டுக்குள் அவன் புகலாகாது. வெளியே நிற்க வேண்டும். கடன்பட்டவனே அதைக் கொண்டுவந்து கொடுப்பான். ஏழையின் மேலாடையை அடகாகப் பெற்றிருந்தால், சூரியன் மறைவதற்குள் அதைத் திருப்பித் தந்துவிட வேண்டும்; இரவில் போர்த்துக்கொள்ள அவனுக்கு வேறு ஆடை இல்லை. கடன் உண்மையானது, அதைக் கேட்கும் உரிமையும் உண்மையானது, ஆனால் வாசற்படியைத் தாண்டும் உரிமை கிடையாது. அந்தச் சிறுமியின் பாடநூல்களே அன்று அவளுடைய மேலாடை. இதை எடுத்துச் சொன்னபோது அந்த அம்மாள் அழுதார், சாவியையும் கொடுத்தார். இரவு ஒன்பது மணிக்குக் கதவு திறந்தது, விளக்கும் எரிந்தது.

அதன் பின்னர் வழக்கறிஞர் விளக்கியவற்றையும், நாம் பின்னர் படித்தறிந்தவற்றையும் ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருத்தல் நலம் எனக் கருதி இங்கே எழுதுகிறோம்.

வாடகைச் சட்டங்கள் நமக்குப் புதியவை அல்ல. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வீடுகளுக்குப் பெரும் தட்டுப்பாடு நேர்ந்தபோது, சென்னை மாகாணத்தில் 1946-லும் 1949-லும் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் வந்தன. பின்னர் 1960-ஆம் ஆண்டுச் சட்டம் ஏறத்தாழ 60 ஆண்டுகள் நிலைத்தது. வாடகை கொடாதவரை வெளியேற்றலாம் என்று அச்சட்டம் கூறிற்று. ஆனால், கொடாமை வேண்டுமென்றே செய்யப்பட்டதா, இயலாமையால் நேர்ந்ததா என்று பார்க்கவும் இடம் வைத்தது. சுந்தரம் பிள்ளை – பட்டாபிராமன் வழக்கு என்று சட்டத்தார் குறிப்பிடும் தமிழ்நாட்டு வழக்கில், 1985-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இதனை விரிவாக ஆராய்ந்தது. உரிமையாளர் இரண்டு மாத அவகாசம் தந்து அறிவிப்பு அனுப்பியும் வாடகைதாரர் செலுத்தவில்லையென்றால், அது வேண்டுமென்றே செய்த தவறாகவே கொள்ளப்படும். அத்தகைய அறிவிப்பு இல்லாதபோது, நிகழ்ந்தவற்றைக் கொண்டு நீதிமன்றமே எடைபோட்டுப் பார்க்கும் என்பது அதன் சாரம். ஓர் அறிவிப்புக் கடிதத்திற்கு எத்துணை மதிப்பு உண்டு என்பதை இதனால் உணரலாம்.

அந்தப் பழைய சட்டம் இப்போது நடைமுறையில் இல்லை. உரிமையாளர், வாடகைதாரர் ஆகிய இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் தமிழ்நாட்டுச் சட்டம் 2017-இல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. இச்சட்டத்தின்படி, வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதனை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். ஒப்பந்தம் எழுதத் தவறுவதே வீட்டைத் திரும்பக் கேட்கக் காரணமாகலாம். வேறு வகையில் உடன்பாடு செய்துகொண்டாலன்றி, முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படலாகாது. வீட்டைக் காலி செய்த பின்னர், கழிக்க வேண்டியதைக் கழித்து எஞ்சியதை ஒரு மாதத்திற்குள் திருப்பித் தர வேண்டும்.

வாடகை நின்றுபோனால் என்ன செய்வது? இரண்டு மாத வாடகை நிலுவையானால், உரிமையாளர் முறைப்படி எழுத்தில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அறிவிப்பைப் பெற்ற ஒரு மாதத்திற்குள் நிலுவை முழுவதையும், வட்டி உண்டெனில் அதனையும் சேர்த்து வாடகைதாரர் செலுத்திவிட்டால், அந்நிலுவைக்காக அவரை வெளியேற்ற முடியாது. செலுத்தத் தவறினால், உரிமையாளர் வாடகை நீதிமன்றத்தை அணுகி வீட்டைத் திரும்பப் பெற ஆணை கேட்கலாம். அடிக்கடி நிலுவை வைத்து, அறிவிப்பு வந்தபின் மட்டும் பணத்தைக் கட்டிக்கொண்டே இருக்கலாம் என்று எண்ணுவதும் தவறு. ஒருமுறை பெற்ற சலுகை மீண்டும் மீண்டும் கிடைப்பதில்லை. சட்டம் உரிமையாளருக்கு ஒரு வழியைத் திறந்திருக்கிறது. வாடகைதாரருக்கு ஒரு மாத மூச்சு விடும் இடத்தைத் தந்திருக்கிறது. இவ்விரண்டும் தொடங்குவது அந்த ஓர் அறிவிப்பிலிருந்துதான்.

உரிமையாளர் செய்யலாகாதவையும் உண்டு. வாடகை பாக்கி இருக்கிறது என்பதற்காகக் குடிநீரையோ மின்சாரத்தையோ கழிப்பிட வசதியையோ நிறுத்துதல் ஆகாது. நிறுத்தினால், வாடகை அதிகாரியிடம் முறையிட்டு உடனடி ஆணை பெறலாம். நீதிமன்றத்தின் ஆணையின்றி ஒருவரைப் பூட்டி வெளியேற்றுவது, கடன் எவ்வளவு இருப்பினும், சட்டத்திற்குப் புறம்பானது. அவ்வாறு வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்திற்குள் உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து, இடத்தை மீண்டும் பெற 1963-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் ஒன்று வழி செய்கின்றது. நம் அம்மாள் போட்ட பூட்டு, பணம் பெற வேண்டிய நிலையிலிருந்த அவரையே குற்றம் செய்தவராக ஆக்கிவிட்டது. “என் வீட்டை நான் பூட்டினேன், இதில் என்ன தப்பு?” என்று அவர் வழக்கறிஞரைக் கேட்டார். “சுவர் உங்களுடையது அம்மா, வாடகைக்கு விட்ட பிறகு, சட்டப்படி மீட்கும் வரை, அதற்குள் வாழும் உரிமை அவர்களுடையது” என்றார் அவர்.

வாடகைதாரர் உணர வேண்டியவையும் குறைவல்ல. “முன்பணத்தில் கழித்துக்கொள்ளட்டும்” என்று நம் தொழிலாளத் தம்பி வீட்டுக்காரர் கண்ணில் படாமல் மூன்று மாதம் ஒதுங்கியே வாழ்ந்தார். முன்பணம் என்பது வீட்டைக் காலி செய்யும் நாளுக்கான உறுதிப்பணம். மாத வாடகைக்கு அது ஈடாகாது. கொடுக்கும் ஒவ்வொரு வாடகைக்கும் ரசீது கேட்டுப் பெறுவது வாடகைதாரரின் உரிமை. ரசீது இல்லாத இடத்தில், கொடுத்தவர் கொடுத்தேன் என்பார், மற்றவர் வாங்கவில்லை என்பார். அங்கே நியாயம் ஊமையாகிவிடும். வெளியேற்றும் நோக்கோடு உரிமையாளர் வாடகையை வாங்க மறுத்தால், வாங்காதது அவர் குற்றம் என்று சும்மா இருந்துவிடக் கூடாது. அஞ்சலிலோ வங்கி மூலமாகவோ அனுப்ப வேண்டும். அதற்கும் இசையாவிடில் வாடகை அதிகாரியிடம் செலுத்தச் சட்டத்தில் இடமுண்டு.

மற்றொன்றையும் கூறுவோம். இச்சட்டம் நகர்ப் பகுதிகளுக்கென எழுதப்பட்டது. சிப்காட்டைச் சூழ்ந்துள்ள சிற்றூர்கள் பல ஊராட்சிகளாக உள்ளன. ஆதலின் தங்கள் ஊர் இச்சட்டத்தின் எல்லைக்குள் வருகின்றதா என்பதை வருவாய்க் கோட்ட அலுவலகத்தில் கேட்டறிதல் நன்று. வராத இடத்தில் 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டமே வழி காட்டும். அதன்படியும், வேறு ஒப்பந்தம் இல்லாவிடில், மாத வாடகைக் குடித்தனத்தை முடித்துக்கொள்ள 15 நாள் அறிவிப்புத் தேவை. அதன் பின்னர் உரிமையியல் நீதிமன்றத்தையே அணுக வேண்டும். எந்தச் சட்டத்தின் கீழும் பூட்டுக்கு இடமில்லை. வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று அஞ்சுவோர், திருவள்ளூரிலுள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை நாடலாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பெண்களுக்கும் தொழிலாளர்களுக்கும் இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. நம் கதையில் வரும் கைம்பெண்ணும் அவ்வுதவிக்கு உரியவர், தொழிலாளியும் உரியவர்.

2020-ஆம் ஆண்டை நம் பகுதியினர் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். கொரோனா ஊரடங்கில் ஆலைகள் மூடின; கூலி நின்றது; வாடகையும் நின்றது. அவ்வாண்டு மார்ச் 29-ஆம் நாள் மத்திய உள்துறை அமைச்சகம், தொழிலாளர்களிடம் ஒரு மாத காலத்திற்கு வாடகை கேட்கலாகாது என்றும், தொழிலாளரையும் மாணவரையும் வற்புறுத்தி வெளியேற்றுவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும் என்றும் ஆணையிட்டது. அது தக்க ஆணையே. ஆயினும், வாடகையை நம்பி வாழும் கைம்பெண்ணின் அடுப்பு எரிவதற்கு அந்த ஆணையில் வழி சொல்லப்படவில்லை. அடுத்தடுத்த மாதங்களில், தலையில் மூட்டையும் இடுப்பில் குழந்தையுமாக வடமாநிலத்தார் நெடுஞ்சாலையில் ஆந்திர எல்லையை நோக்கி நடந்ததைக் கண்டோம். வேலையும் கூரையும் ஒன்றாகப் போய்விட்டால், மனிதனுக்கு மிஞ்சுவது சாலை ஒன்றே என்பதை அந்நாட்கள் நமக்குக் கற்பித்தன.

திருச்சபை இதில் யார் பக்கம் என்று சிலர் கேட்கலாம். திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891-இல் தொழிலாளர் நிலை பற்றி வெளியிட்ட சுற்றுமடலில், தனியுடைமைக்கு மனிதனுக்குள்ள உரிமையையும் நிலைநாட்டினார். தொழிலாளி தன் குடும்பத்தோடு மானமாக வாழப் போதிய கூலி பெறும் உரிமையையும் நிலைநாட்டினார். நற்செய்தியிலும் அவ்வாறே. தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்துவிட்டு, உரியவருக்குச் சேர வேண்டிய பங்கைக் கொடுக்க மறுத்த கொடிய குத்தகைக்காரரை ஆண்டவர் கண்டிக்கிறார். தனக்குப் பெருங்கடன் மன்னிக்கப்பட்டிருந்தும், உடன் பணியாளன் பட்ட சிறு கடனுக்காக அவன் கழுத்தை நெரித்தவனையும் அவரே கண்டிக்கிறார். முதல் உவமை வாடகைதாரர் படிக்க வேண்டியது; இரண்டாவது உவமை உரிமையாளர் படிக்க வேண்டியது. நாமோ பெரும்பாலும் அடுத்தவருக்குரிய உவமையையே விரும்பிப் படிக்கிறோம்! புனித சின்னப்பர் உரோமை நகரில் காவலில் இருந்தபோது இரண்டு ஆண்டுகள் வாடகை வீட்டில் தங்கி, தம்மிடம் வந்தவர்களையெல்லாம் வரவேற்றார் என்று திருத்தூதர் பணிகளின் இறுதியில் காண்கிறோம். வாடகை வீடும் இறைவன் தங்கும் வீடே.

இனி, அன்றிரவு முடிவானதைச் சொல்லி முடிப்போம். பள்ளி நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாளில் உடன்பாடு எழுதப்பட்டது. மார்ச் முதல் மாத வாடகையை அந்தந்த மாதம் பத்தாம் தேதிக்குள் கொடுத்துவிட வேண்டும். பழைய நிலுவை 12,000 ரூபாயில், 4,000 ரூபாயைப் பங்கின் வின்சென்ட் தே பவுல் சபையார் உடனே அந்த அம்மாளிடம் கொடுப்பர். 4,000 ரூபாயை ஏப்ரல், மே மாதங்களில் இரண்டு தவணையாகத் தொழிலாளி கொடுப்பார். எஞ்சிய 4,000 ரூபாயை, வீட்டைக் காலி செய்யும்போது முன்பணத்தில் கழித்துக்கொண்டு, 6,000 ரூபாயை அம்மாள் திருப்பித் தருவார். மகளின் தேர்வு முடிந்து, மே மாத முடிவில் அக்குடும்பம் வீட்டை ஒப்படைக்கும். இருவரும் கையொப்பமிட்டனர், ஆளுக்கொரு படி எடுத்துக்கொண்டனர்.

எல்லாம் தேனாய் முடிந்தது என்று சொல்லமாட்டோம். மே மாதத் தவணை பன்னிரண்டு நாள் தாமதமாயிற்று. அம்மாள் நம்மிடம் வந்து முணுமுணுத்தார். தெருவிலும் இரண்டு வார்த்தை பேசினார். ஆனால் பியூஸ் கட்டையைத் தொடவில்லை. தொழிலாளி இம்முறை ஒளியவில்லை. பத்தாம் தேதியே நேரில் சென்று, “அம்மா, இருபத்திரண்டுக்குள் தந்துவிடுகிறேன்” என்று சொல்லி, அவ்வாறே தந்தார். வேறொரு சிறிய பட்டறையில் குறைந்த கூலிக்கு வேலை கிடைத்து, அதற்கருகில் வேறு வீட்டிற்குச் சென்றுவிட்டார். முன்பணத்தின் மீதி 6,000 ரூபாயும் அவர் கைக்கு வந்தது. மகள் தேர்ச்சி பெற்றாள். இரு குடும்பத்தாரும் இன்று நெருங்கிய நண்பர்கள் அல்லர். ஆயினும், ஞாயிறு திருப்பலியில் சமாதானம் பகிரும்போது ஒருவரையொருவர் பார்த்துக் கைகுவிக்க முடிகின்றது. அது சிறிய காரியமன்று.

ஆதலால், அன்புக் குடும்பத்தாரே! வீட்டை வாடகைக்கு விடுவோர், எத்தனை அறிமுகமானவராயினும் ஒப்பந்தத்தை எழுதிக்கொள்ளுங்கள், ரசீது கொடுங்கள். இரண்டாம் மாத வாடகை நின்றவுடன் பேசுங்கள். பேச்சுக்குப் பயன் இல்லையெனில் எழுத்தில் அறிவிப்புக் கொடுங்கள். அறிவிப்புக் கொடுப்பது பகைமை என்று எண்ணாதீர்கள். பூட்டாமல் இருப்பதற்கு அதுவே வழி. வாடகைக்கு இருப்போர், வேலை போன அன்றே வீட்டுக்காரரிடம் சென்று உண்மையைச் சொல்லுங்கள். முழு வாடகை இல்லாவிடில் பாதியையாவது கையில் கொண்டு செல்லுங்கள். வெறுங்கையாயினும் நேரில் செல்லுங்கள். ஒளிந்து வாழ்பவரை நம்ப எவருக்கும் இயலாது. அன்பியத்தாரும் வின்சென்ட் தே பவுல் சபையாரும், அரிசி பருப்பு கொடுப்பதைப் போலவே, நின்றுபோன ஒரு மாத வாடகையைத் தாங்குவதையும் இரக்கச் செயலாகக் கருதுங்கள்.

எம்மைப் போன்ற குருக்களுக்கும் ஒரு சொல் உண்டு. ‘பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்று இனி ஒருவரிடம் சொல்லுமுன், அவர் பொறுப்பதற்கு நாம் என்ன தரப்போகிறோம் என்று முதலில் நம்மையே கேட்டுக்கொள்வோமாக.

திருக்குடும்பத்தின் காவலரான புனித சூசையப்பர், வீடு உள்ளோரையும் வீடு தேடுவோரையும் ஒருங்கே காத்தருள்வாராக!